கட்டன் காப்பிக்கு முந்தின அரைமணி

நேசபாய் வீட்டு அடுப்பில் காலை நாலே முக்காலுக்குக் காப்பிக்கு வெள்ளம் கொதித்தாக வேண்டும். கல்யாணமாகி வந்த முப்பத்திரண்டு வருஷத்தில், புருஷன் தங்கையன் மஞ்சள்காமாலையில் கிடந்த பதினோரு நாளைத் தவிர, அந்த நேரம் தப்பியதில்லை. கருப்பட்டியும் தட்டிப் போட்ட சுக்கும் சேர்ந்த, பால் சேராத கட்டன் காப்பி தொண்டையில் இறங்காமல் அந்த வீட்டில் ஒருவர் காலும் வாசலைத் தாண்டாது. இறங்கிவிட்டால் பிறகு தாமதம் கிடையாது. நெற்றியில் விளக்கை மாட்டி, இடுப்பில் வெட்டுக்கத்தியைச் செருகி, இருட்டோடு இருட்டாக ரப்பர் மரங்களுக்குள் இறங்கிவிடுவாள்.

வீடு இருப்பது குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு மேட்டு விளைத் தோட்டத்தில். சொந்த மரம் நூற்றுச் சொச்சம், பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிற மரம் இருநூறு. வெயில் ஏறினால் மரம் பாலைச் சுருக்கிக்கொள்ளும். ஆகையால் எட்டு மணிக்கு முன்னால் முந்நூறு மரத்திலும் பட்டையைச் சீவி, பால் வடிகிற சிரட்டையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். நேசபாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த வட்டாரத்தில் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கிற ஆண்கள்கூட இரண்டு பேர்தான்.

அவளுக்கு உலகத்தில் ஆகாதது ஒன்றே ஒன்று, மடி. சோம்பலுக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. சோம்பேறிப் பெண்ணை மடிச்சி என்பாள். அப்படிச் சொல்லும்போது செருப்பில் ஒட்டியதை வழித்துப் போடுகிற பாவனை முகத்தில் வரும். கூடவே ஒரு பெருமையும் வரும்.

"ஸ்டெனியப் பெத்து நாப்பத்தொண்ணாம் நாளு கத்தியத் தூக்கினவளாக்கும் நான்."

இதைக் கேட்காத ஆள் அவர்கள் போகிற சர்ச் சபையில் கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்க வந்த புதுப் போதகர் ஐயரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

மருமகள் அஜிஷா கருங்கல் ஊர்க்காரி. அவள் அப்பா முத்துநாயகம் அங்கே சந்தை முக்கில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். பி.காம் படித்த பெண், வாய் துடுக்கு. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் விட்டு வரும்போது, "மாமி, ஐயர் பிரசங்கத்த முடிக்கதுக்குள்ள நம்ம கோழி முட்ட போட்டு, அட கிடந்து, குஞ்சும் பொரிச்சிரும்" என்றாள். நேசபாய் தலையில் குட்டி, "கர்த்தருக்குப் பயப்படுட்டி" என்றாள். ஆனால் சாயங்காலத்துக்குள் நாலு வீட்டில் போய் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள். மகன் ஸ்டெனி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் இல்லாத வீட்டில் மருமகள் வாய்தான் மாமியாருக்குப் பொழுதுபோக்கு.

உண்டான மூன்றாம் மாதம் மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது அஜிஷாவுக்குத் தைராய்டு குறைவு என்றார்கள். சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை, தினம் ஒன்று. ஏழாம் மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். மாசியில் எபின் பிறந்தான், சுகப்பிரசவம். மூலிகை போட்டுக் காய்ச்சிய வேதுவெள்ளத்தில் குளித்து, மருந்து தின்று, தொண்ணூறு நாள் கழிந்து பிள்ளையோடு திரும்பி வந்தபோது கன்னம் மினுங்க வந்தாள். மாத்திரையைப் பிறகும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்துடன் நர்ஸம்மா வந்து, தாய்க்குச் சத்து வேண்டும் என்று சிவப்பில் இரும்பு மாத்திரை ஒன்றும், சுண்ணாம்புக் கட்டி மாதிரி கால்சியம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"பிள்ளைக்காரி மறந்திருவா. மாத்திரை எனக்க பொறுப்பு" என்று நேசபாய் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

பொறுப்பென்றால் பொறுப்புதான். நாலே முக்காலுக்கு ஒரு கையில் கட்டன், மறு கையில் மூன்று மாத்திரை. மருமகளைத் தட்டி எழுப்பி, வாயில் போட வைத்து, காப்பி உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே நெற்றி விளக்கை மாட்டுவாள். ஒரு நாள் விட்டதில்லை. பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனி பிறந்து மழை பிடித்தது. அதிலிருந்து அஜிஷா மாறிக்கொண்டு வந்தாள். முதலில் தூக்கம். மரச்சீனிக் கிழங்கை மடியில் வைத்துத் தோலுரிக்க உட்கார்ந்தால், கத்தி கையில் இருக்க, அப்படியே கண் சொருகிவிடும். பிறகு குளிர். எல்லாருக்கும்தான் மழை, ஆனால் இவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே போர்வை கேட்டாள். குளிமுறித் தரையில் முடி கற்றை கற்றையாகக் கிடந்தது. முகம் ஊதி, குரல் கரகரத்து, நடை ஒரு கிழவியின் நடையாகிவிட்டது. பால் குறைந்து பிள்ளை அழுதது. அழுகிற பிள்ளையை அவள் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துடுக்கு வாயிலிருந்து நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

பக்கத்து விளை சத்தியபாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "நேசம், உனக்க மருமவளுக்கு என்ன, தேகத்துக்கு முடியல்லியா?"

"தேகத்துக்கு என்ன கேடு? மாத்திரை மருந்து எல்லாம் நேரத்துக்கு நேரம் போவுது. மடி. சுத்த மடி. ஸ்டெனியப் பெத்து நாப்பத்தொண்ணாம் நாளு நான்—"

"கத்தியத் தூக்கின. தெரியும்" என்றாள் சத்தியபாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் இரண்டு பால் வாளியோடு நேசபாய் கீழ்த் தோட்டத்திலிருந்து மேடேறத் தொடங்கும்போது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கொடியில் காயப் போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளை நினைத்து ஓடி வந்தாள். ஷீட்டுகள் கொடியில் இல்லை. எல்லாம் பத்திரமாக உள்ளே அடுக்கப்பட்டிருந்தன. அஜிஷா அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வெளியே, ஷீட் அடிக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் விரித்த பாயில் கிடந்தது. ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழுந்த தண்ணீர் தெறித்து, சட்டை நனைந்து, அழுது அழுது குரல் அடங்கிப்போய்க் கிடந்தது.

நேசபாய் வாளிகளைப் போட்டாள். இரண்டு வாளிப் பாலும் முற்றத்தில் ஓடியது. தன் வாழ்க்கையில் அவள் பாலைக் கொட்டியது அன்றுதான்.

"ஷீட்ட எடுக்கத் தெரிஞ்ச உனக்கு பிள்ளைய எடுக்கத் தெரியல்லியாட்டி? நீ பெத்தவதானா?"

அஜிஷா பிள்ளையையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எடுத்தேன்னுதான் நினைச்சேன், மாமி" என்றாள்.

அன்று மாலையே மஸ்கட்டுக்குப் போன் போயிற்று. நேசபாய் நடந்ததை நடந்தபடி சொன்னாள், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. ஸ்டெனி, "அவளக் கொஞ்ச நாள் கருங்கல்லுல கொண்டு விடுவோம் அம்மா. பிள்ள உங்கிட்ட நிக்கட்டும்" என்றான். திங்கட்கிழமை முத்துநாயகம் காரோடு வருவது என்று பேச்சாயிற்று. அஞ்சு மாதப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்கு அஜிஷா தலையை விரித்துப் போட்டுச் சண்டை போடுவாள் என்று நேசபாய் எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"செரி மாமி" என்றாள் அஜிஷா. "பிள்ள இங்கின நிக்கட்டும். எனக்கு என்னையே பயமா இருக்கு."

அந்த வாரம் முழுக்க நேசபாய்க்கு வெட்டு சரியாக விழவில்லை. இரண்டு மரத்தில் பட்டை ஆழமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினாள். மனசு இளகி ஒன்றும் அல்ல. 'எங்க பிள்ளைய ஒரு ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போவல்லியே' என்று நாளைக்குக் கருங்கல்காரர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. ரத்தம் எடுத்துக் காத்திருந்து, மத்தியானம் ரிசல்ட் வந்ததும் சுபிதா சிஸ்டர் உள்ளே கூப்பிட்டாள். சுபிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டாக்டரைப் பார்க்குமுன் எல்லாரிடமும் விவரம் கேட்டு எழுதுவது அவள்தான்.

"தைராய்டு கொறைஞ்சா இந்தக் கணக்கு ஏறும். நாலுக்குள்ள நிக்க வேண்டியது முப்பத்தொண்ணுல நிக்கு. பிரசவத்துக்குப் பிறகு ஆறாம் வாரம் பாத்தப்ப நல்லாத்தான இருந்துது. மாத்திரைய நிறுத்திட்டியா அஜிஷா?"

"இல்ல சிஸ்டர். சாப்பிடுகேன்னுதான் நினைக்கேன்."

"நினைக்கியா?"

"மாமி தருவாவ. வாயில போடுவேன். பிறகு முழுங்குவேனா இருக்கும். எனக்கு இப்பம் ஒண்ணும் ஓர்மை நிக்கல்ல சிஸ்டர்."

நேசபாய் மேசையைத் தட்டினாள். "எனக்க கையால குடுத்திருக்கேன் சிஸ்டரே! ஒரு நாளு விடல்ல. கர்த்தர் சாட்சி. இவ நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சு, நான் அங்கோட்டு திரும்பினதும் துப்பியிருப்பா. வேற என்ன? முழுங்கினா ஏன் கொறையாது?"

அஜிஷா துப்பியிருப்போமோ என்று யோசிக்கிற முகத்தோடு இருந்தாள். அதைப் பார்க்கத்தான் சுபிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, கோபப்படாண்டாம். எப்பம் குடுப்பிய?"

"விடிய நாலே முக்காலுக்கு."

"எதுக்கூட?"

"கட்டனோட."

"வேற மாத்திரை உண்டா?"

"சத்து மாத்திரை ரெண்டு உண்டு. இரும்பு ஒண்ணு, கால்சியம் ஒண்ணு. மூணையும் சேத்து ஒரே வாயில. பின்ன ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம்னு நான் காத்துக்கிட்டு நிக்க முடியுமா? மரம் காத்து நிக்குமா?"

சுபிதா பேனாவை மேசையில் வைத்தாள். "அம்மா, வெறும் வயித்துல குடுக்கணும்னு சீட்டுல எழுதியிருக்கே, ஆரும் வாசிச்சுச் சொல்லல்லியா?"

"சொன்னாவளே! வெறும் வயித்துலதான குடுத்தேன்? பல்லு வெளக்கதுக்கு முந்தி. ஒரு பருக்கை சோறு உள்ள போவதுக்கு முந்தி."

"கட்டன் குடிச்சா வயிறு எப்பிடி வெறும் வயிறாவும்?"

"கட்டன் ஒரு சாப்பாடா சிஸ்டரே?"

உண்மையில் அவளுக்குப் புரியவில்லை. விடியற்காலக் கட்டனை அந்த வீட்டில் யாரும் வயிற்றுக்குள் போகிற சாமானாகக் கணக்கில் வைத்ததே கிடையாது. முகம் கழுவுவது எப்படியோ அப்படி அது. உபவாச ஜெபத்துக்குப் போகிற நாளில்கூட ஒரு கட்டனைக் குடித்துவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று சொல்லுகிறவள் அவள். அப்படிச் சொல்லுகையில் பொய் சொல்லுவதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

சுபிதா பொறுமையாகச் சொன்னாள். "இந்த மாத்திரைக்கு வேற ஆரும் கூட வரப்பிடாதும்மா. வெறும் வெள்ளத்தோட தனியா உள்ள போணும். கொறஞ்சது அரைமணி, ஒரு மணி நேரம்னா ரொம்ப நல்லது, கட்டனும் வேண்டாம், பாலும் வேண்டாம். கூடவே காப்பி போனா தேகத்துல சரியாச் சேராது. இரும்பும் கால்சியமும் அதுக்கு மேல. கூடப் போனா இத உள்ள சேரவே விடாது. அதுவளுக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். நீங்க ஒரு நாள் விடாமக் குடுத்தது சத்தியம்தான். ஆனா அவ ரெத்தத்துல பாதிகூட ஏறியிருக்காது."

நேசபாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பம் இந்தத் தூக்கம்?" என்று அஜிஷா மெதுவாகக் கேட்டாள். "இந்த மறதி? பிள்ளைய மழையில..."

"எல்லாத்துக்கும் இது காரணமா இருக்கலாம். குளிரு, முடி கொட்டுகது, முகம் ஊதுகது, மனசு இருண்டு கிடக்கது, எல்லாத்துக்கும். நீ மோசமான அம்மா இல்ல பிள்ளே. உனக்கு மருந்து சேரல்ல, அவ்வளவுதான். சரியாச் சாப்பிட்டா தேறிரும். பால் குடுக்கலாம், பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. மனசு விஷயத்த டாக்டர்கிட்டயும் மறைக்காமச் சொல்லு."

அஜிஷா அழுதாள். இரண்டு மாதத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இருந்திருக்கவில்லை.

இருவரும் எழுந்திருக்கும்போது சுபிதா நேசபாயைப் பார்த்து, "அம்மா, தலைய நிமித்தி ஒரு மடக்கு வெள்ளம் குடிங்க பாப்போம்" என்றாள். குடித்தாள். தாலிச் சங்கிலிக்கு மேலே கழுத்தில் ஒரு உருண்டை ஏறி இறங்கியது.

"இது எத்தன வருஷமா?"

"ஸ்டெனி பிறந்த பொறவு. வலி ஒண்ணும் இல்ல. எங்க வகையே கனத்த கழுத்துதான்."

"வந்ததோட நீங்களும் தைராய்டுக்கு ரெத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றாள் சுபிதா.

திரும்பி வரும் பஸ்ஸில் அஜிஷா மாமியார் தோளில் சாய்ந்து தூங்கினாள். பிள்ளை நேசபாயின் மடியில். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மார்த்தாண்டத்திலிருந்தே அவளுக்கு இருந்தது. குலசேகரம் வரும் வரை அந்த வார்த்தை வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். இறங்கியதும் கடையில் ஏத்தம்பழம் பொரித்தது இரண்டு வாங்கி, இரண்டையும் மருமகள் கையிலேயே கொடுத்தாள்.

வீட்டில் தங்கையன் உறைந்த பாலை ரோலரில் ஷீட்டாக அடித்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். அதிகம் பேசாத மனிதர். அவர் பேசுகிற அளவுக்கு அந்த வீட்டில் இடமும் கிடைத்ததில்லை. நேசபாய் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பம் அது மடி இல்ல" என்றார்.

"நான் என்னத்தக் கண்டேன்? என்னப் போல இருப்பான்னு நினைச்சேன். ஸ்டெனியப் பெத்து நாப்பத்தொண்ணாம் நாளு நான்—"

"நீ வெட்டல்ல."

"எப்பம்?"

"நாப்பத்தொண்ணாம் நாளு." தங்கையன் ஷீட்டை எடுத்துத் தண்ணீர் உதறிக் கொடியில் போட்டார். "அடுத்த கிறிஸ்மஸ் கழிஞ்சுதான் நீ கத்திய எடுத்த. அதுவரைக்கும் உனக்க மரத்தையும் நான்தான் வெட்டினேன். அம்ம உன்ன மடிச்சி மடிச்சின்னு ஏசிக்கிட்டே கிடந்தா. பாக்கப் பொறுக்கல்ல. அதுக்காக உன்னையும் கூட்டிட்டு இறங்குவேன். நீ ஒரு மரத்துல சாஞ்சு நின்னு தூங்குவ. நான் ரெண்டு பங்கும் வெட்டிட்டு, வீட்டுல வந்து, நேசம்தான் வெட்டினான்னு சொல்லுவேன்."

"கள்ளம் பறையாண்டாம்."

"உனக்கு ஓர்மை இல்ல. அப்பம் உனக்கும் ஒண்ணும் ஓர்மை நிக்காது. நான் சொன்னதக் கேட்டுக் கேட்டு நீயே வெட்டினதா நம்பிட்ட."

"முப்பது வருஷமா ஊரு முழுக்கச் சொல்லிட்டு நடந்தேனே! ஏன் சொல்லல்ல?"

"சந்தோஷமாச் சொல்லிட்டு நடந்த. எனக்கு என்ன சேதம்?"

நேசபாய்க்கு நினைவில் வந்தது ஒன்றே ஒன்று. ஒரு மரம், கன்னத்தில் ஈரமான பட்டை, தூரத்தில் ஒரு விளக்கு மரத்துக்கு மரம் தாவிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவள் இத்தனை நாளும் ஏதோ கனவு என்றுதான் வைத்திருந்தாள். கழுத்து உருண்டையைத் தடவிப் பார்த்தாள். தன்னை மடிச்சி என்ற மாமியார் மேல் முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபம் சுற்றி வந்து தன் மேலேயே விழுந்தது.

எழுந்து போய் மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அறைக்குள் கிடக்கும் அஜிஷாவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

"ஏலே ஸ்டெனி, திங்கக்கிழம கருங்கல்லுல இருந்து ஆரும் வரண்டாம்."

"அம்மா, பிள்ளைய அவகிட்ட விட பயமா இருக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். நான் சொன்னதுல மண்ணு. அவ மாத்திரையத் துப்பல்ல. நான் கட்டனோட குடுத்துக் கெடுத்தேன். எனக்க கையால கெடுத்தேன், கேட்டியா? அவ எங்கயும் போவாண்டாம். பிள்ள பெத்த தள்ளகிட்டதான் நிக்கணும். வேலைய நான் பாத்துக்கிடுகேன். தேறுகது வரைக்கும் அவ தூங்கட்டும்."

போனை வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அஜிஷா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணை விழித்துக் கிடந்தாள்.

நேசபாயின் ரத்தத்திலும் அதே குறைவு இருந்தது. அவளுக்கும் ஒரு வெள்ளை மாத்திரை வந்தது. கழுத்து உருண்டையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். எழுந்ததும் கட்டன் என்கிற முப்பத்திரண்டு வருஷத்து வழக்கம் அதோடு உடைந்தது. இப்போது அந்த வீட்டில் நாலேகாலுக்கு அலாரம் அடிக்கும். மாமியாரும் மருமகளும் பச்சைத் தண்ணீரில் ஆளுக்கொரு மாத்திரை விழுங்குவார்கள். நாலே முக்காலுக்குக் கட்டன். இரும்பு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, கால்சியம் ராத்திரி. தனியே குடிக்க மனசில்லாமல் தங்கையனும் காத்திருந்தார். அந்த அரைமணி நேசபாய்க்கு முந்நூறு மரத்தை விட நீளமாக இருந்தது.

தேறுதல் ஒரே நாளில் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியேதான் போயிற்று. பிறகு ஒரு நாள் போர்வை கேட்கவில்லை. ஒரு நாள் சாளை மீன்கறியில் உப்புக் கூடுதல் என்றாள். ஒரு நாள் எபின் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அவளும் அவனோடு தரையில் குப்புறக் கிடந்து அவனைப் பார்த்தாள். ஆறாம் வாரம் எடுத்த ரத்தத்தில் முப்பத்தொன்று ஆறாக இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றாள் சுபிதா.

மறுநாள் விடியற்காலம் நல்ல மழை. ஈரக் காற்று அடுப்படி வரைக்கும் வந்தது. மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்ததால் வெட்டு உண்டு. நேசபாய் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெள்ளத்தைக் கொதிக்க வைத்து, சுக்கைத் தட்டிப் போட்டாள். மணம் எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தங்கையன் திண்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சத்தமில்லாமல் அரை டம்ளர் ஊற்றி உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"மாமி."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அஜிஷா வாசற்படியில் நின்றாள்.

"டம்ளரக் கீழ வையுங்க. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் கிடக்கு."

"ஏட்டி, குளிருகுட்டி. ஒரு மடக்கு."

"ஒரு மடக்கும் வேண்டாம். நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியளான்னு வாயத் திறந்து காட்டுங்க பாப்போம். இல்லேன்னா சுபிதா சிஸ்டருக்குப் போன் போடுவேன்."

தங்கையன் கண்ணைத் திறக்காமலே குலுங்கிச் சிரித்தார். நேசபாய்க்குச் சுருக்கென்றது. மறு நொடியே அவள் முகம் மலர்ந்துவிட்டது. பழைய வாய் திரும்பி வந்துவிட்டது, அதே துடுக்கு, அதே குரல். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் வந்ததை அடுப்புப் புகையின் தலையில் போட்டுத் துடைத்துக்கொண்டு, டம்ளரைக் கீழே வைத்து, மருமகள் முன்னால் வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

பன்னிரண்டு நிமிஷமும் உட்கார்ந்திருந்தாள். வெட்டு முடிந்து வரும்போது சத்தியபாய் வீட்டில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு இன்னும் மூன்று வீட்டில்.